கிணற்றைக் கேட்டு மீன் வாங்குங்கள்

என் மீன் தொட்டி நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். நிரப்பினால் ஏறக்குறைய 450 லீற்றர் வரும், தண்ணீரின் பாரமே அரைத் தொன்னுக்குக் கிட்ட, அதனால் மர மேசையெல்லாம் வேண்டாமென்று சீமெந்துக் கல்லில் திண்ணை கட்டித்தான் இந்தத் தொட்டியை வைத்திருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “நியோன் டெட்ரா விடேல்லையோ?”

விடவில்லை, விடப்போவதும் இல்லை. அது அமேசன் பக்கத்து மீன், சுண்ணாம்பு இல்லாத, இலைசருகு ஊறிய தண்ணீர் அதன் ஊர்த் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறோ சுண்ணக்கல்லுக்குள் வெட்டியது. கேத்திலின் அடியைச் சுரண்டிப் பார்த்தாலே விளங்கும், சோதனைப் பெட்டி தேவையில்லை. கரைந்திருக்கும் சுண்ணாம்பை வடித்தெடுக்கும் ஆர்ஓ பில்டர் பூட்டித் தண்ணீரையே மாற்றலாம்தான், சின்னத் தொட்டிக்கு அது சரி. கிழமைக்குக் கிழமை நூறு லீற்றர் மாற்றுகிற தொட்டிக்கு யாரால் முடியும்?

கப்பி, மொலி, பிளாட்டி, சோட்டெயில் எல்லாவற்றுக்கும் எங்கள் தண்ணீர் அப்படியே பிடிக்கும். மொலி சவர்த் தண்ணீரையும் தாங்கும் என்பதால் கரையோரத்து ஆட்களுக்கு நல்ல தெரிவு. என் ஆசை பூசமனி ரெயின்போ. முன்பாதி நீலச் சாம்பல், பின்பாதி தோடம்பழ நிறம், வளர்ந்த ஆண் அவ்வளவு வடிவு. நியூகினித் தீவின் மேற்குப் பாதியிலுள்ள அயமாரு ஏரிப்பக்கம்தான் அதன் ஊர், அங்கேயும் தரை சுண்ணக்கல்! கூட்டமாக நீந்துகிற மீன், ஆறுக்குக் குறைய விடாதீர்கள். துள்ளிப் பாயும், மூடி கட்டாயம்.

செடிதான் பெரிய கதை. யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று (உரத்திலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் நைதரசன் உப்பு) கூடியிருப்பது ஊரறிந்த விஷயம். வேறு ஊர்களில் நைத்திரேற்றைக் குறைக்கத் தண்ணீர் மாற்றுவார்கள், இங்கே பல வீடுகளில் மாற்றுகிற தண்ணீரோடுதான் அது உள்ளேயே வருகிறது. அதைத் தின்று தீர்க்க வேகமாக வளரும் செடி நிறைய வேண்டும். பின்னால் வலிஸ்னேரியா (சுண்ணாம்பு கூடிய வன்னீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்றிலிருந்தே காபனை எடுக்கக்கூடிய செடி, தனியாகக் காபனீரொட்சைட் அடிக்கத் தேவையில்லை), மேலே மிதக்க ஹோன்வோர்ட், முன்னால் கிரிப்டோகொரைன் வென்டி. வென்டி இலங்கைச் செடிதான். நட்ட கொஞ்ச நாளில் இலையெல்லாம் அழுகிக் கரையும், செத்துவிட்டதென்று பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும்.

மீனை ஒரே நாளில் கொட்டக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா பெருக ஒரு மாதமளவு பிடிக்கும், அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், ரெயின்போவைக் கடைசியாக.

கோடையில் ஒன்று கவனியுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு தொட்டியிலேயே நின்றுவிடும். குறைந்ததை நிரப்பக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அது இன்னும் ஏறும். மாரியில், முதல் மழை கூரையைக் கழுவிய பிறகு, பீலித் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் இதற்குப் போதும். அப்புறம் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும், ஆகவே கரண்ட் போனாலும் ஓடுகிற பற்றறி எயார் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.