எங்கே கொட்டுவீங்க?

மதுராந்தகத்தில் அப்பா கட்டிய வீட்டுக்கு வயது இருபத்தாறு. அத்தனை வருஷமும் செப்டிக் டேங்க்கைத் திறந்ததே இல்லை. "நம்ம டேங்க் நிறையாது" என்பது அப்பாவின் பெருமை. போன ஐப்பசி மழையில் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. பெருமை அன்றோடு சரி.

சுவர் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "ராத்திரி பத்து மணிக்கு மேல வரோம் சார்" என்றார்கள். ஏன் ராத்திரி? அந்தச் சந்தேகத்தில்தான், லாரி வந்து குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "எங்கே கொட்டுவீங்க?"

"அத நாங்க பாத்துக்கறோம் சார்."

விடாமல் கேட்டதும் பைபாஸ் பக்கம் ஒரு ஓடையைச் சொன்னார். மழைக்காலத்தில் அந்த ஓடைத் தண்ணீர் போய்ச் சேருவது கிளியாற்றில். எங்கள் ஏரியின் உபரி நீரும் அதே ஆற்றில்தான் போகிறது. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "வீடே நாறுது, உனக்கு ஆறு ஒரு கேடா?" என்று அப்பா கத்தினார். அன்றிரவு அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

இத்தனைக்கும் கருங்குழி பக்கத்து ஊர். தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் அங்கேதான் வந்தது. எங்கள் ஊருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளும். மறுநாள் நகராட்சியில் விசாரித்து, அங்கே போகும் லாரியைப் பிடித்தேன். ஐந்நூறு ரூபாய் கூடுதல். ஆனால் பட்டப்பகலில் வந்தார்கள்.

அடுத்த சோதனை, டேங்க் மூடி எங்கே? மேலே அப்பா டைல்ஸ் ஒட்டியிருந்தார். கொத்தனார் தட்டித் தட்டிப் பார்த்து ஆறு டைல்ஸை உடைத்தார். உறிஞ்சி முடித்ததும், அடியில் இறுகிக் கிடந்ததைச் சுரண்ட "ஒரு ஆள இறக்கலாமா?" என்று லாரிக்காரர் கேட்டார். கூடவே கூடாது என்றேன். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குப் போகிற குற்றம். சட்டம் கிடக்கட்டும், உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சினோம்.

அப்போதுதான் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது: டேங்க்குக்குத் தரையே இல்லை. மண். நிறையாமல் இருந்த ரகசியம் அதுதான். இருபத்தாறு வருஷமாக எல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. இருபதடி தள்ளி எங்கள் போர்வெல்.

லாரியின் பின்னாலேயே பைக்கில் கருங்குழி போனேன். கொட்டும் இடத்துக் கம்பி வலையில் நாப்கின், ஷாம்பு பாக்கெட், ஒரு டூத் பிரஷ். எங்கள் வீட்டுடையதுதான், சந்தேகமில்லை. கசடு மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைக்குப் போகிறது. தண்ணீர் கீழே வடிந்து அடுத்த சுத்திகரிப்புக்கு நகர, கசடு மேலே காய்கிறது. காய்ந்த படுகை சித்திரை மாதத்து ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. நாற்றம் நான் பயந்த அளவுக்கு இல்லை.

பிறகு புது டேங்க். கான்கிரீட் தரை, இரண்டு அறை, முதல் அறை மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. போகும் வழியிலும் வரும் வழியிலும் டி குழாய், வாயு போக உயரமான ஒரு பைப். இதிலிருந்து வெளியேறுவதும் பாதி சுத்தமான தண்ணீர்தான். அதனால் அதை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். எங்கள் மனையில் அவ்வளவு இடம் ஏது? பின்மூலையில் குழியைப் போட்டுவிட்டு, போர்வெல் தண்ணீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் நிறுத்தினோம்.

ஆசிட், பினாயில் இரண்டையும் அம்மாவிடமிருந்து பிடுங்கியாயிற்று. உள்ளே மக்க வைக்கும் கிருமிகள் அதில் செத்துப்போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும் என்பதால், அடுத்த தேதியைக் காம்பவுண்டுச் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறேன். முற்றத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு மூடிகளின் மேல் டைல்ஸ் ஒட்டலாமே என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.