மைனருக்கு ஒரு கூபே

பெரிய நாயை ரயிலில் கூட்டிப்போக நம் நாட்டில் இரண்டே வழிதான். ஒன்று, கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கென்று ஒதுக்கியிருக்கும் கூண்டு. இன்னொன்று, முதல் வகுப்பு ஏசி. நடுவில் எதுவும் கிடையாது. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, இரண்டடுக்கு ஏசி, பகல் வண்டியின் சேர் கார் என எதிலும் நாய்க்கு இடமில்லை. போனால் சரக்கோடு சரக்காகப் போக வேண்டும், இல்லையென்றால் சீமானாகப் போக வேண்டும். நடுத்தர வர்க்கம் என்ற ஏற்பாட்டை ரயில்வே மனிதர்களுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் யாரும் முதல் வகுப்பில் போனதில்லை. தாத்தா காலத்திலிருந்து ஸ்லீப்பர்தான். பிறகு கொஞ்சம் வசதி வந்ததும் மூன்றடுக்கு ஏசி, அதிலும் நடு படுக்கை. ஒரு சித்தப்பா ரயில்வேயிலேயே வேலை பார்த்தார், அவருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கடைசியில் அது மைனருக்குத்தான் எழுதியிருந்தது.

மைனர் எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, 28 கிலோ. 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் படத்துக்கு நின்றதே தான்தான் என்கிற நினைப்பில் நடப்பான் இவன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். இந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால் பயந்துபோய் மருத்துவரிடம் காட்டினோம். அவர் பின்னால் போய் நின்று பிஸ்கட் கவரை லேசாகப் பிரித்தார். மைனர் மின்னல் வேகத்தில் திரும்பினான். "காது பிரமாதமா இருக்கு. திமிருக்கு எங்ககிட்ட மருந்து இல்ல" என்றார்.

மதுரையில் மச்சினி கல்யாணம். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் விட்டால் மைனர் சாப்பிடாமல் கிடப்பான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். காரில் சென்னையிலிருந்து மதுரை போனால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். ஆக, ரயில்.

எழும்பூரில் வேறொரு வேலையாகப் போயிருந்தபோது ஒரு வண்டியின் கடைசிப் பெட்டியில் அந்த நாய்க்கூண்டை எட்டிப் பார்த்தேன். ஒரு பொமரேனியனாக இருந்தால் ஏதோ சமாளிக்கலாம். மைனருக்கு முகமும் முன்னங்காலும் உள்ளே போனால் மீதி வெளியேதான் நிற்கும். உடனே மனைவிக்கு போன் செய்து முதல் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் ஊருக்குப் போனப்ப கூட ஸ்லீப்பர்லதானேங்க கூட்டிட்டுப் போனீங்க" என்றாள். நல்லவேளை, ரயில் சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை.

முதல் வகுப்பு டிக்கட் எடுத்துவிட்டால் நாயோடு ஏறிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு படுக்கை உள்ள கூபேயோ நான்கு படுக்கை உள்ள கேபினோ முழுசாக நம் கையில் இருக்க வேண்டும். நான்கு படுக்கைக்குப் பணம் கட்ட நான் என்ன அம்பானியா? ஒரே டிக்கட்டில் இரண்டு பேருக்குப் பதிவு செய்து கூபே கிடைக்கும் என்று நம்ப வேண்டியதுதான். முதல் வகுப்பில் எந்தப் படுக்கை என்று டிக்கட்டில் வராது, சார்ட் போட்டால்தான் தெரியும். கூபே வந்தால் மூன்று பேரும் ஒன்றாகப் போகலாம். நான்கு பேர் கேபினில் இரண்டு இடம் வந்தால் நாங்கள் ஏசியில், அவன் கூண்டில். அதற்காக முன்கூட்டியே ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுப்பது வழக்கம் என்றார்கள். எழுதினேன். "எங்களுடன் எங்கள் நாயும் பயணம் செய்ய இருப்பதால் கூபே ஒதுக்கித் தருமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." பள்ளிக்கூடத்தில் வயிற்று வலி என்று லீவு லெட்டர் எழுதிய பிறகு 'பணிவன்புடன்' என்று நான் எழுதியது அன்றுதான்.

சார்ட் போடும் நேரம் நெருங்க நெருங்க வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, மைனரைத் தவிர. கூபே என்று வந்ததும் என் மனைவி சாமி அறைக்கு ஓடினாள். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறாளாம். தங்கைக்கு வரன் தேடிய இத்தனை வருடத்தில் அவள் ஒரு கற்பூரம்கூட நேர்ந்துகொண்டதில்லை.

அடுத்து பார்சல் அலுவலகம். தடுப்பூசிச் சான்றிதழ், நாய் நலமாக இருக்கிறது என்று மருத்துவர் கொடுத்த சான்றிதழ், எங்கள் டிக்கட் நகல், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு போனேன். வீட்டுக் கடனுக்குப் போனபோதுகூட இத்தனை காகிதம் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார்.

"பேரு?"

"மைனர்."

"வயசக் கேக்கல சார். பேரு."

"பேருதான் சார் மைனர்."

"சரி, வயசு?"

"அஞ்சு."

"அப்ப மைனர்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். ஆணா பெண்ணா, என்ன இனம், என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டு ரசீது கிழித்துக் கொடுத்தார். நாய்க்கு லக்கேஜ் கணக்கில்தான் கட்டணம். எங்கள் இரண்டு பேருக்கும் ஆன செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்ட வேண்டும்.

பிளாட்பாரத்தில்தான் திருவிழா ஆரம்பித்தது. எழும்பூரில் இரவு நேரத்தில் தென்மாவட்ட வண்டிகள் வரிசையாகக் கிளம்பும். ஆக அங்கே நிற்பவர்களில் பாதிப்பேர் விருதுநகர், தூத்துக்குடி, தேனி பக்கத்துக்காரர்கள். அவர்கள் மத்தியில் ஒரு வேட்டை நாயோடு போய் நின்றால் என்ன ஆகும்?

முதலில் எல்லோரும் கேட்டது, "கடிக்குமா?" இதற்குச் சரியான பதிலே இல்லை. கடிக்காது என்றால் உடனே தலையைத் தடவக் கையை நீட்டுகிறார்கள். கடிக்கும் என்றால், "அப்புறம் எதுக்குங்க பொது இடத்துக்குக் கூட்டிட்டு வர்றீங்க" என்று சண்டைக்கு வருகிறார்கள். "இதுவரைக்கும் இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். அது நன்றாக வேலை செய்தது. கேட்டவர் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டார்.

சாத்தூர்க்காரர் ஒருவர் மைனரைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, "இது ராஜபாளையமே இல்ல. சிப்பிப்பாறை" என்றார்.

"சிப்பிப்பாறைக்கு ஏதுயா இந்த ரோஸ் மூக்கு? ராஜபாளையந்தான். ஆனா கன்னி கலந்திருக்கு" என்றார் இன்னொருவர்.

"கன்னி கருப்பால்ல இருக்கும்?"

"கலப்புன்னுதானய்யா சொல்றேன்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, நாயை இன்னும் பார்க்கவே பார்க்காத ஒருவர், "கோம்பை! கோம்பை!" என்று குரல் கொடுத்தார். கம்பம் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். இப்படி ஆளுக்கு ஒன்று சொன்னாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். குட்டியை விற்றவன் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறான்.

பக்கத்துக் கேபினில் வரவிருந்தவர் வெள்ளைச் சட்டை, கரை வேட்டிப் பிரமுகர். வழியனுப்ப ஒரு பட்டாளமே சால்வையோடு வந்திருந்தது. அவர் முதல் வகுப்புப் பெட்டியை நெருங்கும்போது பட்டாளத்தில் பாதிப்பேர் மைனரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். யாரும் திரும்பவில்லை. கடைசியில் அவரே வந்து, மைனரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குட்டி போட்டா நமக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

"இது ஆண் நாய்ங்கய்யா."

"இருக்கட்டும். எங்கயாச்சும் போட்டிருக்கும்ல?"

ஏறும்போது சிக்கல். ராஜபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போனது. அந்த வீரப் பரம்பரையின் வாரிசு, வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருந்த சாண் அகலச் சந்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிலையாகிவிட்டான். இழுத்தால் வரவில்லை. பிஸ்கட் காட்டினால் பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். வேறு வழியில்லாமல் தூக்கினேன். "வயித்தப் புடிக்காதீங்க", "பின்னங்காலச் சேத்துப் புடிங்க" என்று பிளாட்பாரம் மொத்தமும் வழிகாட்டியது. தூக்க மட்டும் யாரும் வரவில்லை.

கூபே என்பது ஒரு சின்ன அறை. கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, ஜன்னல், கண்ணாடி, இழுத்துச் சாத்தக் கதவு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் என் மனைவி அந்தக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். "யாரும் வந்து சார் கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்ல மாட்டாங்கள்ல?" என்றாள். விரிப்பு கொண்டுவந்த பையன் கதவைத் திறந்து, கீழ்ப்படுக்கையில் அமர்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மைனரையும், தரையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தான். "மூணு செட்டா சார்?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

டிக்கட் பரிசோதகர் உள்ளே வரவே இல்லை. கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது. "கட்டியிருக்கா?" கட்டியிருக்கிறது என்றேன். "டிக்கட்ட அங்கேருந்தே தூக்கிக் காட்டுங்க. ரசீது? சரி. அத... அந்தப் பக்கம் பாக்கச் சொல்லுங்க." சின்ன வயதில் பாட்டி வீட்டுக்குப் போனபோது நாய் கடித்து வயிற்றில் ஊசி போட்ட கதையைக் கதவிடுக்கு வழியாகவே முழுசாகச் சொன்னார். பாவம் மனிதர். அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "தூங்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

பத்து மணிக்கு மாமனார் போன் செய்தார். கல்யாண மண்டப பாக்கி, சமையல்காரர், மாப்பிள்ளை வீட்டார் எதைப் பற்றியும் பேசவில்லை. "நெசமாவே நாய்க்கு ஏசியா மாப்ள? நானெல்லாம் ஜன்னலோரத்துக்குத் துண்டு போட்டுச் சண்ட போட்டுப் போன ஆளு. நாய்க்கு ஏசி!" என்று நொந்துகொண்டார். மைனர் அப்போது அந்த ஏசியில் நடுங்கிக்கொண்டிருந்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, அடர்ந்த ரோமமும் இல்லை. வெயிலுக்குப் பிறந்த நாய். ரயில்வே கம்பளியைத் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டோம். மூக்கு மட்டும் வெளியே தெரிய, மார்கழி பஜனைக்குக் கிளம்பிய பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இனி வருவதுதான் உண்மையான பிரச்சினை. ரயில் முழுக்கக் கழிப்பறை இருக்கிறது, எல்லாம் மனிதர்களுக்கு. விழுப்புரத்தில் ஏகக் கூட்டம், இறக்க முடியவில்லை. வண்டி அதிக நேரம் நிற்பது திருச்சியில்தான் என்பதால் அங்கே இறக்குவது என்று முடிவு. இரண்டரை மணி வாக்கில் திருச்சி வந்தது. நானும் மைனரும் இறங்கினோம். கையில் கழுவிவிட ஒரு பாட்டில் தண்ணீர்.

மைனர் வீட்டில் மண்ணில்தான் போவான். இங்கே எங்கு பார்த்தாலும் வழவழவென்று கல். முதல் தூணை முகர்ந்தான். நிதானமாக முகர்ந்தான். இரண்டாவது தூணுக்குப் போனான். அங்கே இன்னும் நிதானம். "மைனர், போடா கண்ணு" என்றேன். அவன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான். "உஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்துப் பார்த்தேன். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து கழிப்பறையைத் தேடிப் போனார். மைனருக்கு ஒன்றும் ஆகவில்லை. டீ விற்பவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "பிளாட்பாரம் முடியிற எடத்துல புல்லு இருக்கு சார்" என்றார். அது எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. ஓடினோம். பாதி தூரம் போனபோது சிக்னல் விழுந்தது. பெட்டி வாசலில் நின்று என் மனைவி, "ஏங்க! வந்துருங்க!" என்று கத்தினாள். திரும்பி ஓடினோம். இந்த முறை சந்தெல்லாம் மைனருக்குப் பொருட்டே இல்லை, எனக்கு முன்னால் தாவி ஏறிவிட்டான். நான் ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது டிக்கட் பரிசோதகர் கழிப்பறைக்குள் நின்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "ஆச்சா?" என்றார். இல்லை என்றேன். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

திண்டுக்கல்லில் வண்டி இரண்டே நிமிடம்தான் நின்றது. அங்கேயும் ஆகவில்லை. அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. கம்பளி அசையும்போதெல்லாம் பதறி எழுந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்த முதல் வகுப்பில், பஞ்சு மெத்தையில், ஒரு நாயின் அடிவயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே விடிந்தது.

மதுரையில் மாமனார் நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தார். கல்யாண அலைச்சலுக்கென்று அமர்த்தியிருந்த வாடகைக் காரைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமமெல்லாம் வைத்திருந்தார்கள். மைனர் நேராக முன் டயருக்குப் போனான். காலைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். நின்றுகொண்டே இருந்தான். டிரைவர் என்னைப் பார்த்தார், நான் மீனாட்சியம்மன் கோபுரம் தெரிகிறதா என்று பார்த்தேன். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராத்திரி பூரா அடக்கிக்கிட்டா வந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். "நம்ம ஆளுகளுக்கு இந்த ஒழுங்கு வராது மாப்ள" என்று சொல்லிவிட்டு, அவரே போய் டயரில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினார்.

காரில் வரும்போது மெல்ல ஆரம்பித்தார். "அந்த ரூம்புக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்காமே?"

"இருக்குங்க மாமா."

"கொறட்ட விட்டா யாரும் எழுப்ப மாட்டாக?"

"யாருமே வர மாட்டாங்க மாமா. டிக்கட் செக் பண்றவரே வரலை."

கொஞ்ச நேரம் மைனரின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "கல்யாணம் முடிஞ்சு திரும்பிப் போகையில நானும் மைனரும் அதுல வந்துர்றோம். எனக்கும் மெட்ராஸுல முட்டிக்கு டாக்டரப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கியல்ல. நீங்க ரெண்டு பேரும் மாட்டுத்தாவணியில பஸ் ஏறிருங்க, என்ன?"

"முதல்ல கல்யாணம் முடியட்டும்ப்பா" என்றாள் என் மனைவி.

"அது முடிஞ்சிரும்மா. லெட்டர் கொடுக்கணுமாம்ல, மாப்ளய மொதல்ல அத எழுதச் சொல்லு."