இரண்டு நாளில் 413 பந்துகள்

பேஸ்பாலைப் போன்ற சாப்ட்பால் என்றாலே எனக்கு பந்துவீச்சு வீராங்கனை யுகிகோ உவேனோதான். ஜப்பான்காரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் சீன அணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை (பேஸ்) எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தவர்.

ஆனால் நான் வியந்து போவது 2008 பெய்ஜிங்கை நினைத்துத்தான். ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவிடம் ஒன்பது இன்னிங்ஸ் போராடித் தோல்வி (இரு அணியும் ஒருமுறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்; வழக்கமாக ஏழுதான்). இறுதிக்குப் போக இன்னொரு வாய்ப்பாக அதே நாளில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். அது பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை இழுத்து, ஜப்பான் வென்றது. இரண்டிலும் கடைசிவரை வீசியது உவேனோ ஒருவர்தான். ஒரே நாளில் 318 பந்துகள்! கையைக் கீழிருந்து முழுவட்டமாகச் சுழற்றி, வெறும் 13 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு வீச வேண்டிய வேகப்பந்துகள். மறுநாள் இறுதிப்போட்டியில் மீண்டும் அவரே வந்து நின்றார்; இரண்டு நாளில் மொத்தம் 413 பந்துகள். மூன்று ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றிருந்த அமெரிக்கா 3-1 என்று வீழ்ந்தது.

அதோடு ஒலிம்பிக்கிலிருந்து சாப்ட்பாலையே எடுத்துவிட்டார்கள். ஒரு வீராங்கனையின் உச்சகாலத்தை இப்படி விழுங்கியது பெரிய அநியாயம் என்று இன்றும் சொல்வேன். உவேனோ உள்நாட்டு லீக்கில் விடாமல் ஆடினார். 2019இல் பந்து பாய்ந்து தாடை எலும்பு முறிந்தது; தேறி வந்தார்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சாப்ட்பால் திரும்பி வந்தபோது அவருக்கு வயது 39. யோகோஹாமாவில் நடந்த இறுதியில் மீண்டும் அமெரிக்கா. ஆறாவது இன்னிங்ஸில் இளம் வீராங்கனை மியு கோட்டோ பந்துவீச, எதிரணி அடித்த பந்து மூன்றாம் தளத்தில் நின்றவரின் கையில் பட்டுத் தெறித்து, பக்கத்தில் நின்ற மானா அட்சுமியின் கைக்குள் விழுந்தது. ஒரே பந்தில் இருவர் அவுட்! ஏழாவதில் உவேனோவே திரும்பி வந்து முடித்துவைத்தார். ஜப்பானுக்கு 2-0 வெற்றி.