பி.டி பீரியட விட்டுடுங்க டீச்சர்

போன வாரம் பையனோட கிளாஸ் வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ். வெள்ளிக்கிழமை பி.டி பீரியட்ல மேத்ஸ் ரிவிஷனாம், வட்டம் பாடமாம், காம்பஸ் பாக்ஸ் மறக்காம குடுத்து விடணுமாம். கீழ வரிசையா கும்பிடு, தம்ஸ் அப். பழக்க தோஷத்துல நானும் ஒரு கும்பிடு போட்டுட்டு அப்பறம் அழிச்சேன். ஒம்பதாங்கிளாஸ் பையன், வீட்டுக்கு வந்தா டியூஷன், டியூஷன் முடிஞ்சா போன். வெயில்ல நிக்கறதே அந்த ஒரு பீரியட்தான், அதையும் புடுங்கிட்டா எப்படிங்க?

எனக்கு சிரிப்பு வந்தது எதுக்குன்னா வட்டத்தோட சுத்தளவு நான் படிச்சதே கிரவுண்ட்லதான். பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் எங்களுக்கு, ஆனா டிரில் மாஷ், அதான் பி.டி வாத்தியார், மலையாளி. ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் சுண்ணாம்பக் கரைச்சு ஓட்டை போட்ட டப்பால ஊத்திட்டு ட்ராக் போடுவோம். பொடியாத் தூவுனா எங்கூருக் காத்துக்கு அது நிக்காது, அரை மணி நேரத்துல பனங்காட்டுப் பக்கம் போயிரும். நடுவுல ஒரு முளை அடிச்சு கவுத்தக் கட்டி ஒருத்தி புடிச்சுக்கிட்டு வளைவு போடணும், இன்னொருத்தி டப்பாவோட பின்னாடியே போகணும், நான்தான் டப்பா.

200 மீட்டர் ட்ராக், ஒரு லேன் ஒரு மீட்டர் அகலம். ரிலேல நடுவுல பேட்டனக் கீழ போட்டவங்களத் தவிர வேற யாருக்கும் மாஷ் கிட்ட திட்டு கிடையாது, ஆனா கேள்வி கேட்டே சாகடிப்பாரு. "எடா, ரெண்டாமத்த லேன்காரன் எத்தர கூடுதல் ஓடும், பறயி"ன்னாரு, எத்தன தூரம் கூட ஓடுவான் சொல்லுன்னு. நாங்க முழிச்சோம். ஒருத்தன் ஒரு மீட்டருன்னான், ஒருத்தன் ரெண்டுன்னான். கவுத்தக் காட்டி அவரே சொன்னாரு, நேரா ஓடற எடத்துல ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்தான், ரெண்டு பக்கமும் இருக்கற வளைவச் சேத்தா ஒரு முழு வட்டம், அதுல வெளிய ஓடறவனோட ஆரம் ஒரு மீட்டர் கூட, அப்ப ரெண்டு பை இன்ட்டு ஒண்ணு, 6.28 மீட்டர். அவன அத்தன தூரம் முன்னாடி நிறுத்தலைன்னா பந்தயமே களவாணித்தனம்.

இதுல எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கறது ஒண்ணு உண்டு. கிரவுண்ட் எத்தன பெருசா இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது, ஏன்னா உள் வட்டத்தோட ஆரம் ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிருது, மிஞ்சறது லேனோட அகலம் மட்டும்தான். ஒலிம்பிக்ஸ் ட்ராக்ல லேன் 1.22 மீட்டர், அதனால அங்க 400 மீட்டர் ஓட்டத்துல மூணாவது லேன்காரன் ரெண்டாவது லேன்காரனவிட ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல முன்னாடி நிப்பான். டிவில பாத்தா வெளி லேன்காரன் எதோ முன்னாடியே ஜெயிச்ச மாதிரி தெரியும், எங்க வீட்டுல நான் உக்காந்து வெளக்கம் சொல்லிட்டே இருப்பேன், எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க.

மேத்ஸ் டீச்சர மட்டும் குத்தம் சொல்லக் கூடாது. எங்க ஜில்லால ஓட்டம்னா சும்மா இல்ல, 2022லயும் 2023லயும் மாநில ஸ்கூல் மீட்ல சாம்பியன் பாலக்காடுதான். முண்டூர் ஸ்கூல், பறளி ஸ்கூல்னு சொன்னா கேரளா முழுக்கத் தெரியும், முண்டூர் சித்ரா 2017ல புவனேஸ்வர்ல ஏசியன் சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் தங்கம் வாங்குனவங்க. பெருமைதான். ஆனா பெருமைப்படறதுக்கு பத்து புள்ளைங்க, கை தட்டறதுக்கு மீதி நானூறுன்னு இருக்கற ஸ்கூலும் இருக்கு பாத்தீங்களா, அங்கதான் எனக்கு கோவம் வருது. வேகமா ஓடறவங்கள மட்டும் சப் ஜில்லா போட்டிக்குத் தேத்தறது, கிரேஸ் மார்க்குக்கு சர்ட்டிபிகேட் சேத்தறது, மத்தவங்க நெழல்ல உக்காந்து கத பேசறது. அதுக்குப் பேரு பி.டியா?

நான் ஓடுனா எப்பவும் கடைசிதான். எனக்கு மாஷ் குடுத்த வேல லாங் ஜம்ப் பிட் கிட்ட குத்த வெச்சு உக்காந்து காலப் பாக்கறது. மிதிச்சுத் தாவற பலகையக் கால் தாண்டலைன்னா வெள்ளக் கொடி, தாண்டுனா செவப்பு, அந்த ஜம்ப் செல்லாது. வீட்டுலகூட என் பேச்ச யாரும் கேக்காத வயசுல கைல ரெண்டு கொடி!

பத்தாங்கிளாஸ் ஸ்போர்ட்ஸ் டேல என் உசுருச் சினேகிதி கடைசி ஜம்ப்புக்கு ஓடி வரா. என்னா தாவு அது, எல்லாரையும் தாண்டிப் போயி விழுந்தா, பிட்டச் சுத்தி ஒரே கூச்சல். ஆனா கட்ட விரல் பலகைக்கு அந்தப் பக்கம் மண்ணுல ரெண்டு விரக்கடை பதிஞ்சிருந்தத நான் மட்டும்தான் பாத்தேன். ஒரு நிமிசம் இருக்கும், ரெண்டு கொடியும் மடியிலேயே கெடக்குது. மாஷ் என்னயப் பாக்கறாரு, ஒண்ணுமே சொல்லல. செவப்பத் தூக்குனேன். ஒரு வாரம் பேசல அவ, மத்தியானம் கஞ்சிக்கும் பயறுக்கும்கூட தனியா வரிசைல நின்னா.

2022ல பர்மிங்காம் காமன்வெல்த் லாங் ஜம்ப்ல நம்ம பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்குன ராத்திரி மொத போன் அவதான் பண்ணா, இப்ப பொள்ளாச்சில இருக்கா. தங்கம் வாங்குன பஹாமாஸ்காரனுக்கும் அதே 8.08தான், ரெண்டாவது பெஸ்ட் ஜம்ப் யாருதுன்னு பாத்து அவனுக்குக் குடுத்தாங்க. "பலகைகிட்ட நீ உக்காந்திருந்தா வெள்ளியும் கெடச்சிருக்காதுடி"ன்னா. இருபது வருசமாச்சு, இன்னும் விடல பாருங்க.

நேத்து ராத்திரி டீச்சருக்குத் தனியா மெசேஜ் போட்டேன். வட்டம் பாடத்த கிரவுண்ட்லயே நடத்தலாமே டீச்சர், கவுறும் சுண்ணாம்பும் போதும், வேணும்னா நானே வரேன்னு. ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் வரல. காம்பஸ் பாக்ஸ பையன் பைல வெச்சாச்சு, கூடவே கெணத்தடில கெடந்த கவுத்தையும் சுருட்டி வெச்சிருக்கேன், அவனுக்கு இன்னும் தெரியாது.