பிரியாவிடைக்கு வார்லி ஆலயம்

தரம் 9 முடித்து வேறு பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளை மண்டபத்தில் மாலை போட்டு, கேக் வெட்டி அனுப்புகிறோம். மலையகத்துக் கிறிஸ்தவப் பாடசாலைகளுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: வகுப்போடு யாத்திரை போய், ஆலயத்தில் ஜெபித்து வழியனுப்புவது. டிக்கோயா வார்லி கிறிஸ்து ஆலயம் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் வீதியில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது ஆலயம். கட்டியது 1878இல். தண்ணீர் வந்தது அதற்கு வெகுகாலம் பிந்தி, 1960களில் அணை எழும்பிய பிறகு. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கட்டிய கோயில் இது. பழைய கல்லறைகளில் அவர்கள் பெயர்கள். கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே கூரையின் கீழ் சங்கீதம் வாசிக்கும்போது, கர்த்தரின் வழிகளை நினைத்து நெஞ்சு நிறைகிறது.

டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டமும் இதே வீதியில்தான். ஆகவே போயா, சனி, ஞாயிறு வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. புல்லில் கால் வைத்தால் அட்டை கடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு வார நாள் நல்லது. குருவானவருக்கு இரண்டு கிழமை முன்பே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டிய கதவின் முன் நிற்கவேண்டி வரலாம். 30 பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் மூவராவது வேண்டும். வீதி வளைவு வளைவாகப் போகும். வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் வைத்து, கையில் சொப்பிங் பை கொடுங்கள்.

வழிபாடு 45 நிமிடம் போதும். சங்கீதம் 121இல் 8 வசனங்கள். 8 பிள்ளைகள் ஆளுக்கொன்று வாசிக்கட்டும். அடுத்து அப்போஸ்தலர் 20இல், பவுல் எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும் பகுதி. முழுவதும் நீளம், 32ஆம் வசனமும், 36 முதல் 38 வரையும் போதும். அதற்குமேல் பிரசங்கம் வைத்தால் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

வழிபாட்டின் உயிர் அடுத்து வருவதில்தான். வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் முழுப்பெயர் சொல்லி முன்னே அழைத்து, உள்ளங்கையளவு அட்டையில் எழுதிய ஒரே ஒரு வரியை வாசித்துக் கையில் கொடுக்கவேண்டும். இந்த 30 வரிகளைக் கடைசி இரவில் எழுத உட்கார்ந்தால் பாதி அட்டையில் ‘நன்றாகப் படி’ என்றுதான் வரும். பஸ்ஸில் பிள்ளைகள் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதே வரி இன்னொருவனிடமும் இருந்தால் அந்த முகம் வாடிவிடும். ஒரு மாதம் முன்பே தொடங்கி, நாளுக்கு இரண்டு எழுதுங்கள். ‘மழை நாளில் தங்கச்சியைக் குடைக்குள் விட்டு நீ நனைந்து வந்தாய்’ என்பதுபோல, அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்தும் வரி.

நம் பாடசாலைகளில் இந்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வருவதற்குப் பெற்றோரின் சம்மதம் கேளுங்கள். திருநீறு பூசி வந்தால் அப்படியே வரட்டும். தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதா என்பதை முதலே கேட்டுவையுங்கள். வேண்டாமென்றால் கைகூப்பி நிற்கட்டும். அன்பில் குறைவு வரக்கூடாது.

மெழுகுதிரியை உள்ளே பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பழைய மரத்தில் மெழுகு விழுந்தால் எடுப்பது பாடு. வெளியே நீர்த்தேக்கத்துக் காற்று அணைத்துவிடும். ஒரே ஒரு திரி, பீடத்தருகே, குருவானவர் ஏற்றினால் போதும்.

முடிவில் வாசலில் நின்று, எண்ணாகமம் 6இல் உள்ள ஆசீர்வாதத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். அந்த எபேசு மூப்பர்கள் பவுலைக் கப்பல்வரை கொண்டுபோய் விட்டார்கள். அதுபோல, பஸ் திரும்பும்போது, கடைசிப் பிள்ளை தன் தோட்டத்துச் சந்தியில் இறங்கும்வரை வகுப்பாசிரியரும் பஸ்ஸிலேயே இருக்கவேண்டும்.