பயோபிசிக்ஸ் படித்துவிட்டு உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் வட சென்னைப் பிள்ளைகளுக்கு

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து எம்எஸ்சி முடித்து, புரதங்கள் மேல் ஆசைப்பட்டு பயோபிசிக்ஸில் (உயிர் இயற்பியல்) பிஎச்டி செய்கிறவர்கள் இப்போது சிலராவது இருக்கிறார்கள். தீசிஸ் கொடுக்கும் சமயத்தில் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எங்க அப்ளை பண்றது?" எங்கே என்பதைவிட எந்தத் துறைக்கு என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம். பாதி விண்ணப்பங்கள் அங்கேதான் சறுக்குகின்றன.

பயோபிசிக்ஸ் என்ற பெயரிலேயே துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நாட்டிலேயே குறைவு. நமக்குப் பக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படிகவியல், உயிர் இயற்பியல் துறை இருக்கிறது. மற்ற இடங்களில் இயற்பியல் துறையிலோ பயோடெக்னாலஜி துறையிலோதான் பதவி வரும். விளம்பரத்தில் 'தொடர்புடைய பாடம்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு என்ன பொருள் என்பதை ஆவணங்களைச் சரிபார்க்கும் குழுதான் முடிவு செய்கிறது. ஒரு பல்கலைக்கழகம் என் விண்ணப்பத்தை 'பாடம் பொருந்தவில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. நான் படித்த தாள்களில் பாதிக்குமேல் அந்தத் துறையிலேயே நடத்தும் பாடங்கள்தான். அப்புறம் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் ஒரு பக்கம் சேர்த்து வைத்தேன். இடப்பக்கம் நான் எம்எஸ்சியில் படித்த தாள்கள், வலப்பக்கம் அந்தத் துறையின் இப்போதைய பாடத்திட்டத்தில் நான் எடுக்கக்கூடிய தாள்கள். குவாண்டம் மெக்கானிக்ஸ், ஸ்பெக்ட்ராஸ்கோபி, எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் என்று பெயரைச் சொல்லி எழுதுங்கள். பட்டத்தின் பெயரில் குழப்பம் இருந்தால், எந்தப் பட்டம் எதற்கு இணை என்று தமிழ்நாடு அரசு வெளியிட்டிருக்கும் அரசாணைகளில் உங்களுடையது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் நகலையும் வையுங்கள்.

2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியருக்கு பிஎச்டி கட்டாயமில்லை என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்துவிட்டது. அதை நம்பி பிஎச்டியைப் பாதியில் விடாதீர்கள். 2018 யுஜிசி விதிமுறைகளில் நேர்முகத்துக்கு யாரை அழைப்பது என்று மதிப்பெண் போடும், பல்கலைக்கழகங்களுக்கான 3ஏ அட்டவணையைப் பாருங்கள்: நூற்றில் பிஎச்டிக்கு மட்டும் 30. முதுகலையில் 80 சதவீதத்துக்கு 25, இளங்கலையில் அதே அளவுக்கு 15. தேசிய தகுதித் தேர்வான நெட்டுக்கு 5, அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையோடு வந்தால் 7, மாநிலத் தேர்வான செட்டுக்கு 3. கட்டுரை ஒன்றுக்கு 2, அதிகபட்சம் 10. அதாவது ஆறாவது கட்டுரைக்கு இந்த அட்டவணையில் மதிப்பெண்ணே கிடையாது. போஸ்ட்டாக்கோ (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) கற்பித்தலோ வருடத்துக்கு 2, அதற்கும் உச்சவரம்பு 10. ஐந்து நல்ல கட்டுரைகள் கையில் இருந்தால், அடுத்த ஆறு மாதத்தைக் கற்பித்தல் அனுபவத்துக்குக் கொடுங்கள். இந்த மதிப்பெண் எல்லாம் அழைப்புப் பட்டியலுக்கு மட்டும்தான். தேர்வு முழுக்க நேர்முகத்தில் நடக்கிறது.

அறிவியல் பாடங்களுக்கான நெட் சிஎஸ்ஐஆர் நெட்தான். அதில் பயோபிசிக்ஸுக்குத் தனித்தாள் இல்லை. இயற்பியல் அறிவியலா, உயிர் அறிவியலா என்பதை எம்எஸ்சியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விண்ணப்பிக்கப்போகும் துறையோடும் அது ஒத்துப்போக வேண்டும்.

ஐஐடி, ஐசர் (அறிவியல் கல்விக்கான மத்திய நிறுவனங்கள்) போன்ற இடங்களில் இந்த அட்டவணைக்கு வேலையில்லை. அங்கே ஆராய்ச்சித் திட்டம்தான் பேசும். என்னிடம் வரும் வரைவுகளில் பெரும்பாலானவை பிஎச்டியின் தொடர்ச்சியாகவே இருக்கும். கைடு இல்லாமல், அவருடைய கருவி இல்லாமல், நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள் என்பதைத்தான் குழு தேடுகிறது. அதோடு முதல் இரண்டு வருடம் கருவி எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். புரத வடிவங்களின் தரவு பிடிபி என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசம், சிமுலேஷனுக்கு க்ரோமாக்ஸ் மென்பொருள் இலவசம். படிகம் கிடைத்துவிட்டால் இந்தூரில் பலமான எக்ஸ்ரே தரும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு பீம்லைன் (ஆய்வு நிலையம்) இருக்கிறது. மாதிரியை உறைய வைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குப் பெங்களூரில் தேசிய மையம் இருக்கிறது. எதை உங்கள் அறையிலேயே செய்வீர்கள், எதற்கு வெளியே போவீர்கள் என்று பிரித்து எழுதினாலே உங்கள் திட்டம் தனியாகத் தெரியும். வயது 32க்குள் இருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேக்கல்ட்டி உதவித்தொகைக்கும் போடுங்கள். ஐந்து வருடச் சம்பளமும் ஆய்வு நிதியும் கையோடு வருகிறவரை எந்தத் துறையும் மரியாதையோடு பார்க்கும்.

மத்திய நிறுவனங்களுக்கு நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மட்டும் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லை என்ற ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்து, தாலுகா அலுவலகத்திலிருந்து வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும். விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள். பிஎச்டி யுஜிசி விதிப்படி முடிந்தது என்று பதிவாளரிடம் வாங்கும் சான்றும் அப்படித்தான்.

நேர்முகத்தில் "நீங்க பிசிக்ஸா, பயாலஜியா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். தத்துவம் பேச வேண்டாம். "இந்தத் துறையில் இந்த இரண்டு தாள் எடுப்பேன், இந்த ஆய்வகம் நடத்துவேன்" என்று சொல்லுங்கள். என்னைப் பலகையில் ராமச்சந்திரன் வரைபடம் போடச் சொன்னார்கள்; புரதச் சங்கிலி எந்த ஃபை, சை கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் படம் அது. கோணங்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும், கேள்வி அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. க்ளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு ஏன் அதில் இவ்வளவு இடம்? அதன் பக்கச் சங்கிலி வெறும் ஹைட்ரஜன், மற்ற அணுக்களோடு இடிப்பது குறைவு. ப்ரோலினுக்கு ஏன் இவ்வளவு குறுகல்? அதன் வளையம் ஃபை கோணத்தை ஏறக்குறைய -65 டிகிரியில் கட்டிவிடுகிறது. அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாக வைத்து மட்டும் போட்ட கணக்கு எப்படி இவ்வளவு சரியாக வந்தது? ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் அதை வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். சென்னையிலிருந்து போகிறவர் அந்த மூலக் கட்டுரையையே படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மாதிரி வகுப்புக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பழகுங்கள். மொட்டைமாடி டியூஷனில் தமிழ் மீடியத்தில் படித்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு, படிகத்தில் எக்ஸ்ரே எந்தக் கோணத்தில் பலமாகச் சிதறும் என்று சொல்லும் ப்ராக் விதி புரிந்தால், எந்தக் குழுவுக்கும் புரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததைக் கற்பித்தல் அறிக்கையில் தயங்காமல் எழுதுங்கள். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் நாளைக்கு உங்கள் முன்னால் உட்காரப்போவது அவர்களைப் போன்றவர்கள்தான்.

கடைசியில் "எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?" என்றால் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். ஆய்வகத்துக்கு அறை உண்டா, கணினிக்குத் தடையில்லா மின்சாரம் உண்டா என்று கேளுங்கள். யுஜிசி விதிப்படி பிஎச்டியும் மூன்று கட்டுரைகளும் உள்ள உதவிப் பேராசிரியர் நான்கு பிஎச்டி மாணவர்கள் வரை வழிகாட்டலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலையில் சேர்ந்து எத்தனை மாதத்தில் கைடு அங்கீகாரம் தருகிறார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.