பேட்டரியை எடுத்த பிறகு

மகள் எதையோ விழுங்கிவிட்டாள், எதை என்றுதான் தெரியவில்லை. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுத்தால் துப்பினாள். நாணயமாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டே அவசரப் பிரிவுக்கு ஓடினோம்.

எக்ஸ்ரேயில் கழுத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்: விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம். பக்கவாட்டில் எடுத்த படத்தில் அந்த வட்டின் ஒரு பக்கம் படி வைத்ததுபோல் சிறுத்திருந்தது. “நாணயத்துக்கு இப்படி இருக்காதுங்க. இது பட்டன் பேட்டரி.” அப்புறம் யாரும் நிற்கவில்லை. வயிறு காலியாகட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் மயக்கம் கொடுத்து, வாய்வழியே கேமரா குழாய் விடும் எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள்.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பேட்டரி கசியாவிட்டாலும் புண்ணாக்கும். ஈரச் சதையில் பட்டதும் மின்சாரம் ஓடி, பேட்டரியின் எதிர்முனை (மைனஸ்) பக்கம் காரம் உண்டாகி அரிக்கிறது. 2 மணி நேரத்திலேயே கடுமையான காயம் ஆகலாம். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரிதான் மோசம். சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். ஒரு வயது தாண்டிய குழந்தை 12 மணி நேரத்துக்குள் விழுங்கியிருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கொரு முறை 10 மில்லி தேன் கொடுப்பதுண்டு, அதிகபட்சம் 6 முறை. தேன் தேடி நேரத்தைக் கழிக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

வெளியே வந்த பேட்டரியின் ஒரு பக்கம் கருத்திருந்தது. எதிர்முனை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் குறித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது முன்பக்கம், அதாவது மூச்சுக்குழாய் பக்கம். எடுத்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்த எங்களுக்கு வேலையே அங்கேதான் ஆரம்பித்தது. பேட்டரி போன பிறகும் புண் ஆழமாகலாம். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழலாம். அதனால் வாய்வழி ஒன்றும் கிடையாது, மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குடிக்கவைத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே தண்ணீருக்கு அனுமதி.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அழுத்திச் சொன்னது ரத்தத்தைப் பற்றித்தான். பெரிய ரத்தக்குழாய் பக்கத்திலேயே ஓடுவதால், வாரக்கணக்கில் கழித்தும் ரத்தம் வரலாம். வாந்தியில் துளி ரத்தமோ, கருப்பாக மலமோ தெரிந்தால் உடனே வரவேண்டும். நல்லவேளை, அது வரவில்லை. வந்தது வேறு: கெட்டியான சாப்பாடு இறங்காமல் திணறினாள். புண் ஆறிய இடம் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். திரும்பச் சுருங்கக்கூடும் என்பதால் அடுத்த பரிசோதனைக்கும் தேதி கொடுத்திருக்கிறார்கள்.